தலைக்கணக்கும் வாய்ப்பூட்டும்

697. 2024 ஆகஸ்டில் வீடியோ கேம் உலகம் அதிகம் கேலி செய்த எண் இது. சோனி நிறுவனம் 'கன்கார்டு' என்ற இணையவழிச் சுடும் விளையாட்டை ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டது. ஸ்டீம் தளத்தில் அதை ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்ச எண்ணிக்கை 697. செப்டம்பர் 6 அன்று சர்வர்களை அணைத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

தோல்விக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓவர்வாட்ச் 2, வேலரன்ட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்று அதே வகை விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கும்போது இதற்கு 40 டாலர் விலை வைத்தார்கள். தெருவெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கும் நாளில் மோரை விலைக்கு விற்கப் போனதுபோல. எனக்கு அந்த விளையாட்டின் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. ஆனால் 697-ஐக் கையில் எடுத்துக்கொண்டு கொண்டாடியவர்கள் விலையைப் பற்றிப் பேசவில்லை. கதாபாத்திரத் தேர்வுத் திரையில் பிரதிப்பெயர்கள் எழுதியிருந்ததை, கறுப்புத் தோல் கொண்ட பெண்கள் இருந்ததை, பருத்த உடல்கள் இருந்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்" என்றார்கள். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், பிரதிப்பெயரை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம் என்று வைத்த 'பால்டர்ஸ் கேட் 3' ஸ்டீமில் ஒரே நேரத்தில் 8.7 லட்சம் பேரைத் தொட்டிருந்தது. அதை யாரும் மக்கள் தீர்ப்பு என்று சொல்லக் காணோம்.

இந்தக் கட்டுரை கன்கார்டைப் பற்றியது அல்ல. ஒரு விளையாட்டு பிரபலமானதா, அதில் ஆட்கள் தங்குகிறார்களா என்று கணிக்க நாம் கையில் எடுக்கும் எண்களைப் பற்றியது. அந்த எண்களை உற்பத்தி செய்யும் இடத்தில் சில காலம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடுவோம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம், எந்த விளையாட்டை இந்த நொடியில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதை ஊருக்கே காட்டுகிறது. ஸ்டீம்டிபி போன்ற தளங்கள் அதை வரைபடமாக்குகின்றன. பிளேஸ்டேஷன் அப்படிக் காட்டுவதில்லை. கைப்பேசி விளையாட்டுகளிலும் அது கிடையாது. கன்கார்டு பிளேஸ்டேஷன் 5-இலும் வந்தது. அங்கே எத்தனை பேர் ஆடினார்கள் என்பது சோனிக்குத் தெரியும், நமக்குக் காட்டப்படவில்லை. திறந்திருக்கும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வீட்டில் எத்தனை பேர் என்று சொல்கிறோம்.

நிறுவனங்கள் தாமாக அறிவிக்கும் எண்கள் இன்னொரு ரகம். பதிவிறக்கக் கணக்கு ஏறுமே தவிர இறங்காது. நீக்கிவிட்டுப் போனவர்களை யாரும் கழிப்பதில்லை. லூடோ கிங் 50 கோடி பதிவிறக்கங்களைத் தாண்டியது என்றால் 50 கோடிப் பேர் இன்று தாயம் உருட்டுகிறார்கள் என்று பொருளில்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2010-இல் 1.2 கோடி சந்தாதாரர்கள் என்று பெருமையாக அறிவித்தது. 2015-இல் அது 55 லட்சத்துக்கு இறங்கியதும், இனிமேல் சந்தாதாரர் எண்ணிக்கையைச் சொல்லப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. மார்க் குறைந்த மாதத்தில் ரேங்க் கார்டை ஒளித்துவைக்கும் பையன் நினைவுக்கு வருகிறான்.

இவை வெளியாட்களுக்கான எண்கள். உள்ளே இருப்பவர்கள் பார்ப்பது வேறு: ரிட்டென்ஷன். இன்று விளையாட்டைத் திறந்த நூறு பேரில் நாளை எத்தனை பேர் திரும்புகிறார்கள், ஏழாம் நாள் எத்தனை, முப்பதாம் நாள் எத்தனை. டி1, டி7, டி30 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தினமும் வருபவர்களை மாதம் ஒருமுறையாவது வருபவர்களால் வகுத்தால் 'ஒட்டும் தன்மை' கிடைக்கும். விட்டுப் போவதற்குப் பெயர் சர்ன். தயிர் கடைவதைக் குறிக்கும் அதே சொல். வெண்ணெய் யாருக்கு என்று நான் அப்போது கேட்டதில்லை.

கைப்பேசி விளையாட்டு நிறுவனமொன்றில் மூன்று ஆண்டுகள் இந்த வளைகோடுகளை வரைவதுதான் என் வேலை. எல்லா விளையாட்டுக்கும் வளைகோடு கீழேதான் இறங்கும். முதல் நாளில் செங்குத்தாக, பிறகு மெதுவாக. அதன் வாலைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துவதற்குத்தான் தினசரிப் பரிசு, தொடர் வருகைப் போனஸ், "உங்கள் நண்பர்கள் காத்திருக்கிறார்கள்" என்ற இரவு ஒன்பது மணி அறிவிப்பு எல்லாம். என் திரையில் ஓர் ஆட்டக்காரர் என்பவர் ஒரு வரிசை. நாடு, போன் மாடல், நினைவகம், முதல் நாள், கடைசி நாள், செலவழித்த தொகை. போனவர்களுக்கு ஒரேயொரு தகவல்தான் இருக்கும்: கடைசியாகப் பார்த்த தேதி. ஏன் போனார் என்பதற்குக் கட்டமே கிடையாது. இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதற்கும் கிடையாது.

ரிட்டென்ஷன் என்பதைத் தமிழில் 'தக்கவைத்தல்' என்கிறோம். அந்த வினைக்கு எழுவாய் யார் என்று பாருங்கள். தங்குபவர் அல்ல, தங்கவைப்பவர். நம் வீடுகளில் ஒரு கல்யாணம் நன்றாக நடக்கிறதா என்று ஊர் எப்படிக் கணக்கெடுக்கிறது? பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை; ஆக, நன்றாகத்தான் நடக்கிறது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தாள் என்பது அவளுக்குச் சூட்டப்படும் மாலை. அந்த முப்பது வருடத்தில் அவள் எத்தனை நாள் வாய் திறந்து பேசினாள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. டேஷ்போர்டு முன் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கணக்குமுறையை எனக்கு முன்பே தெரியும் என்று தோன்றியது. பெரியம்மாக்கள் பேசிக் கேட்டதுதான்.

என் தோழி ஒருத்தி திருச்சியில் வங்கி ஊழியர். நான்கு வருடமாக வேலரன்ட் ஆடுகிறாள். இரவு பத்து மணிக்கு மேல், பெரும்பாலும் தினமும். ரிட்டென்ஷன் கணக்கில் அவள் தங்கம். டி1-லிருந்து டி1000 வரை எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். இந்த நான்கு வருடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது அவள் மைக்கைத் திறந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலரன்ட் தெரியாதவர்களுக்கு: ஐந்துக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டம். ஓர் அணி ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைக்க வேண்டும், மற்ற அணி தடுக்க வேண்டும். எதிரி எந்த மூலையில் நிற்கிறான், எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதை நொடிக்கு நொடி வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் ஜெயிக்க முடியும். தட்டச்சு செய்து முடிப்பதற்குள் செத்திருப்போம். ஆக, பேசாமல் இருப்பதற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு விலை இருக்கிறது. தோழி சொன்னது: "பேசினா பொண்ணுன்னு திட்டுவான், பேசலேன்னா ஊமைன்னு திட்டுவான். ஊமைன்னு திட்டு வாங்குறது பரவாயில்லடி." அவளுடைய ரேங்க் இரண்டு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. பெண்களுக்குச் சுடத் தெரியாது என்று நம்புகிறவருக்கு அந்த ரேங்கும் ஒரு சான்றாகிவிடும்.

இது ஒருத்தியின் கதை என்று தள்ள முடியாது. 'ஹேலோ 3' என்ற சுடும் விளையாட்டில் குஸ்னெகாஃப், ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள்; ஆய்வு 2013-இல் அச்சானது. முன்கூட்டியே பதிவுசெய்த, யாரையும் புண்படுத்தாத சாதாரண வாக்கியங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும் சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். சில ஆட்டங்களில் குரலே இல்லை. பெண் குரலுக்குக் கிடைத்த எதிர்மறைப் பேச்சு, ஆண் குரலுக்கோ மௌனத்துக்கோ கிடைத்ததைவிட மூன்று மடங்கு. அந்தத் தரவை வைத்துக் கசுமோவிச்சும் குஸ்னெகாஃபும் 2015-இல் எழுதிய இன்னொரு கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தது: பெண் குரலிடம் அதிகம் சீறியவர்கள் ஆட்டத்தில் மோசமாக ஆடிக்கொண்டிருந்த ஆண்கள். நன்றாக ஆடியவர்கள் அந்தக் குரலிடம் இணக்கமாகவே இருந்தார்கள். தெருமுனையில் நின்று விசிலடிப்பவர்களைப் பற்றி நம் அம்மாக்கள் சொன்னது இத்தனை தூரம் சரியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மௌனத்துக்கும் ஆண் குரலுக்கும் ஏறக்குறைய ஒரே வரவேற்பு என்பதைக் கவனியுங்கள். குரல் இல்லாத ஆட்டக்காரரை எல்லாரும் ஆண் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். என் தோழி வாயை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு இரவும், அந்த அறையில் இருக்கும் மற்ற ஒன்பது பேருக்கு இது ஆண்களின் ஆட்டம் என்ற நம்பிக்கை இன்னும் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. அவள் எண்ணப்படுகிறாள், எண்ணப்படுவதாலேயே அவள் இல்லாமல் ஆக்கப்பட்டது மறைகிறது.

"பெண்களுக்கு இந்த வகை ஆட்டம் பிடிக்காது" என்ற வாதத்துக்கும் எண்கள்தான் துணைக்கு அழைக்கப்படும். குவான்டிக் ஃபவுண்டரி என்ற ஆய்வு நிறுவனம் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய பதில்களை 2017-இல் வெளியிட்டது. உத்திசார் சுடும் விளையாட்டுகளை ஆடுபவர்களில் பெண்கள் 4%. பண்ணை, குடும்ப விளையாட்டுகளில் 69%. இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து வைத்து, இயற்கை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அதே அறிக்கையில் ஒரு வகைக்குள்ளேயே இருக்கும் வித்தியாசங்களைப் பாருங்கள். மாயாஜாலக் கற்பனை உலகில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் பெண்கள் சராசரியாக 36%. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மட்டும் 23%. அறிவியல் புனைவு உலக விளையாட்டுகளில் சராசரி 16%. 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்'கில் 29%. ஒரே வகை, ஒரே மாதிரி ஆட்டமுறை, இத்தனை ஏற்றத்தாழ்வு. வகை பிடிக்கவில்லை என்பது இதை விளக்காது. உள்ளே என்ன கதை சொல்கிறார்கள், யார் முதலில் போய் உட்கார்ந்தார்கள், புதிதாக வருபவரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆய்வே தானாக முன்வந்து பதில் சொன்னவர்களை வைத்துச் செய்யப்பட்டது. பெயரை மாற்றிக்கொண்டு ஆடுகிறவள் தன்னைப் பெண் என்று எங்கெல்லாம் பதிவாள் என்பது தனிக் கேள்வி.

நம் ஊருக்கு வந்தால் இன்னும் ஒரு சிக்கல். எல்லாக் கணக்கும் 'ஒரு ஐடி, ஒரு ஆள்' என்று எடுத்துக்கொள்கிறது. நடுத்தரக் குடும்பத்து வீட்டில் போன் அண்ணனுடையது. கணக்கு அண்ணன் பெயரில். அவன் டியூஷனுக்குப் போனபின் தங்கை நாற்பது நிமிடம் ஆடுகிறாள். அவள் எடுத்த கொலைகள் அவன் பெயரில் ஏறுகின்றன. பதினோராம் வகுப்பு வந்ததும், அல்லது அவள் பெரியவளானதும், போன் அவள் கைக்கு வருவது நிற்கிறது. வரைபடத்தில் அந்தக் கணக்கு தினமும் திறக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒருத்தி வெளியேறியதன் சுவடே அதில் விழாது. 'போனவர்கள்' பட்டியலில்கூட அவளுக்கு இடமில்லை.

இத்தனையும் புதிதாக யாரோ கண்டுபிடித்த பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டின் முன்னோடியான மட், 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. எல்லாம் எழுத்துதான், படமே கிடையாது. அதை ராய் ட்ரப்ஷாவுடன் சேர்ந்து எழுதிய ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டக்காரர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு ஜாதிகளாகப் பிரித்தார்: புள்ளி சேர்ப்பவர்கள் டைமன், ஊர் சுற்றிப் பார்ப்பவர்கள் ஸ்பேட், பழகிப் பேச வருபவர்கள் ஆர்ட்டின், அடுத்தவரைத் துன்புறுத்துவதில் சுகம் காண்பவர்கள் கிளாவர். விளையாட்டு வடிவமைப்புப் பாடத்தில் இந்த நான்கு வகையை இன்றும் மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் இரண்டாம் பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை. அது முழுக்க யார் பெருகினால் யார் குறைவார்கள் என்ற கணக்கு. துன்புறுத்துபவர்கள் கூடினால் பழக வந்தவர்கள் பெருமளவில் போய்விடுவார்கள் என்று அப்போதே எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தக் கட்டுரையோடு ஒரு சண்டை உண்டு. காட்டில் புலிக்கும் மானுக்கும் இடையே இருக்கும் சமநிலையைப்போல அவர் இதைப் பேசுகிறார். புலி கூடினால் மான் குறையும், மான் கூடினால் வேறொன்று நடக்கும், வடிவமைப்பாளர் தன் விருப்பத்துக்கேற்ப நான்கையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். துன்புறுத்துவது ஒரு ரசனையாகிவிடுகிறது. ஸ்பேட், டைமன் போல அதுவும் கையில் விழுந்த ஒரு சீட்டு. அந்தக் கட்டுரைக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1993-இல், லாம்ப்டாமூ என்ற எழுத்து உலகில் ஒருவர் மற்றவர்களின் கதாபாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து எல்லார் முன்னிலையிலும் பாலியல் வன்முறையை எழுதிக்காட்டியதை ஜூலியன் டிபெல் பதிவுசெய்திருந்தார். திரைக்கு மறுபக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். சமநிலை என்ற சொல் அந்த அழுகையைக் கேட்காது.

துன்புறுத்துபவர்களைக் கட்டுப்படுத்தினால் விளையாட்டு செத்துவிடும் என்று எப்போதும் சொல்வார்கள். 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' உலகில் யாரும் யாரையும் கொன்று கொள்ளையடிக்கலாம். புதிதாக வந்தவர்கள் ஊர் எல்லையைத் தாண்டியதும் செத்தார்கள். 2000-இல் அந்த உலகை இரண்டாகப் பிரித்தார்கள்: சம்மதமில்லாமல் கொல்ல முடியாத டிராம்மெல், பழையபடியே இருக்கும் ஃபெலுக்கா. மக்கள் கூட்டம் கூட்டமாக டிராம்மெல்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். உலகம் சப்பென்று ஆகிவிட்டது என்று ஃபெலுக்காவில் மிஞ்சியவர்கள் இன்னும் புலம்புகிறார்கள். வேட்டைக்காரர்களுக்கு மான் இல்லாத காடு சப்பென்றுதான் இருக்கும்.

ஆனாலும் தனி நிலம் பிரித்துக் கொடுப்பதில் எனக்கு முழுத் திருப்தி கிடையாது. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் கல்லூரிக்குப் போனவள் நான். மகளிர் பெட்டியின் அருமை தெரியும். அதில் உட்கார்ந்து படிக்கலாம், பூக்கட்டலாம், தூங்கலாம். அதே சமயம் மகளிர் பெட்டி வந்த பிறகு பொதுப் பெட்டி ஆண்கள் பெட்டியாக மாறியதையும் பார்த்தேன். கூட்ட நேரத்தில் பொதுப் பெட்டியில் ஏறியவளை "அதான் உங்களுக்குன்னு தனியா இருக்குல்ல" என்பார்கள். வேலரன்டுக்கு 2021-இல் ரயட் நிறுவனம் பெண்களுக்கும் விளிம்புநிலைப் பாலினத்தவருக்கும் தொடங்கிய 'கேம் சேஞ்சர்ஸ்' போட்டித் தொடரை நான் ஆர்வமாகப் பார்க்கிறேன். அங்கே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு ஆடுவதைக் கேட்பதே ஒரு சுகம். திருச்சித் தோழிக்கும் பிடிக்கும். அவள் ஆடும் பத்து மணி லாபியில் அதனால் ஒன்றும் மாறவில்லை.

ரயட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் திட்டுகளை எண்ணிப் பார்க்க முயன்ற நிறுவனங்களில் அது முன்னோடி. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் எதிரணியோடு பேசும் அரட்டை இயல்பாகவே திறந்திருந்ததை மூடிவைத்து, வேண்டியவர்கள் தாமே திறந்துகொள்ளலாம் என்று மாற்றிப் பார்த்தார்கள். அரட்டையின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது; வசவு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு சின்னப் பொத்தானின் இருப்பிடத்தை மாற்றியதில் கிடைத்த பலன். இயற்கை, ஆண் சுபாவம், போட்டி வெறி என்று பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. 2021 அக்டோபரில் எதிரணி அரட்டையையே நிறுத்திப் பார்த்தார்கள். சொந்த அணி அரட்டை அப்படியே இருந்தது. என் தோழி திட்டு வாங்குவது சொந்த அணியிடம்தான். அதே 2021 டிசம்பரில், தன் பெண் ஊழியர்கள் தொடுத்த பாலினப் பாகுபாட்டு வழக்கைத் தீர்த்துக்கொள்ள 10 கோடி டாலர் தர ரயட் ஒப்புக்கொண்டது. ஆட்டக்காரர்களின் நடத்தையை அளந்த கட்டடத்துக்குள் நடந்த நடத்தைக்கு அந்த வழக்கு வந்த பிறகுதான் விலை எழுதப்பட்டது.

பெண்ணிய வட்டாரத்தில் நம்மில் பலர் நல்ல எண்ணத்தோடு முன்வைக்கும் ஒரு வாதம் இருக்கிறது: பெண்கள் ஓடிப்போனால் உங்களுக்கு வருமானம் போகும், ஆகவே வசவைத் தடுங்கள். நிறுவனத்துக்குப் புரியும் மொழியில் பேசுகிறோம் என்ற நம்பிக்கை. எனக்கு இந்த வாதம் பிடிக்காது. காரணம் அலுவலகத்தில் பார்த்தது. அதிகம் புகார் செய்யப்பட்ட கணக்குகளை ஒருமுறை நான் தொகுத்துக் கொடுத்தேன். புகார் செய்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரத்தில் திரும்பவில்லை என்பதையும் சேர்த்திருந்தேன். மேலாளர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இவங்க மாசம் எவ்வளவு செலவு பண்றாங்கன்னு அதையும் பக்கத்துல போட்டுக் கொடுங்க" என்றார். போட்டேன். திட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் வந்து சில நாள் ஆனவர்கள்; செலவு எதுவும் செய்திருக்கவில்லை. திட்டியவர்களில் பலர் நாள் முழுக்க அங்கேயே கிடப்பவர்கள், துப்பாக்கிக்கு வண்ணம் பூசப் பணம் கட்டுபவர்கள். அந்தப் பட்டியல் அதற்குமேல் எங்கும் போகவில்லை. மேலாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வருமானத்தை வைத்துப் பேசினால் வருமானம்தான் பதில் சொல்லும். திட்டுகிறவன் கூடுதலாகச் செலவழிக்கிற நாளில் அந்தப் பதில் நமக்கு எதிராகத்தான் வரும். ஒரு பெண் வசவில்லாமல் ஆட வேண்டும் என்பதற்கு அவள் வாடிக்கையாளராக லாபம் தர வேண்டியதில்லை.

வசவே சரக்காகி விற்றதையும் தமிழ்நாட்டில் பார்த்தோம். 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் அதை ஆடி நேரலை செய்துகொண்டிருந்த யூடியூபர் ஒருவர் 2021 ஜூனில் தருமபுரியில் கைது செய்யப்பட்டார். சக ஆட்டக்காரர்களையும் பெண்களையும் ஆபாசமாகப் பேசியதுதான் புகார். அவர் சேனலுக்கு லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள், பலர் பள்ளிப் பையன்கள். அந்த லட்சங்கள் ஒரு விளையாட்டின், ஒரு சேனலின் பிரபலத்துக்கான சான்றாக நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தன. கைதுக்குப் பின் நான் படித்த செய்திகளில் பெரும்பாலும் பையன்கள் கெட்டுப்போவதைப் பற்றிய கவலைதான் இருந்தது. அந்த வசவைக் காதில் வாங்கிய பெண்கள் என்ன ஆனார்கள், திரும்ப ஆடினார்களா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. என் சொந்தக்காரர் வீட்டில் அந்த வாரம் நடந்தது இது: அந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மகன். போன் பிடுங்கப்பட்டது மகளிடமிருந்து. "காலம் கெட்டுக் கிடக்கு பாப்பா" என்று சமாதானமும் சொன்னார்கள்.

ஆகவே இனி யாராவது ஒரு விளையாட்டை மதிப்பிட்டு எழுதும்போது இத்தனை லட்சம் பேர் ஆடுகிறார்கள் என்று தொடங்கினால், நான் வேறு சிலதைத் தேடுவேன். அதில் குரல் அரட்டை திறந்தே வருகிறதா, மூடி வருகிறதா. புகார் பொத்தானை அழுத்தினால் என்ன நடந்தது என்று அழுத்தியவருக்குத் தகவல் வருகிறதா. முன்பின் தெரியாத ஒன்பது பேரோடு கட்டாயம் கோத்துவிடுகிறார்களா, அல்லது தெரிந்தவர்களோடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஆட வழி இருக்கிறதா. விமர்சகர் தானே பெண் குரலோடு பத்து ஆட்டம் ஆடிப் பார்த்தாரா. இவை எதுவும் ரகசியத் தரவு கேட்காத கேள்விகள். விளையாட்டைத் திறந்தாலே பதில் கிடைக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதைப் பற்றிச் சொன்னதும் 'அமங் அஸ்' நினைவுக்கு வருகிறது. மூன்று பேர் சேர்ந்து செய்து 2018-இல் வெளியிட்ட எளிய விளையாட்டு. இரண்டு ஆண்டுகள் சீந்துவாரில்லாமல் கிடந்தது. 2020 ஊரடங்கில் திடீரென்று ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 4 லட்சம் பேரைத் தாண்டியது. இரண்டாம் பாகம் அறிவித்திருந்தவர்கள் அதைக் கைவிட்டுவிட்டு முதல் பாகத்தையே செப்பனிட உட்கார்ந்தார்கள். பிறகு கூட்டம் கலைந்தது. 'டெட் கேம்' என்று பட்டம் கட்டினார்கள். செத்த விளையாட்டு என்று சொல்வதில் இவர்களுக்கு இருக்கும் உற்சாகம் எனக்கு எப்போதும் புதிர். ஒருகாலத்தில் ஆடியதை இப்போது ஆடவில்லை என்றால் அது சாவா? பல்லாங்குழியை நாங்கள் கோடை விடுமுறை முடிந்ததும் எடுத்து வைத்துவிடுவோம்.

அமங் அஸ்ஸில் அப்போது குரல் வசதி கிடையாது. நாங்கள் ஏழு பேர், கல்லூரித் தோழிகள், சனிக்கிழமை இரவுகளில் வேறொரு அழைப்பில் சேர்ந்துகொண்டு ஆடினோம். அறைக்குறியீடு எங்களுக்கு மட்டும்தான் தெரியும். யார் கொலைகாரி என்று மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக் கத்தினோம். ஒருத்தி மாமியாருக்குக் கேட்காமல் இருக்க மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆடினாள். திருச்சிக்காரிதான் எல்லாரையும்விட அதிகமாகப் பேசினாள். அவள் குரல் அத்தனை உரக்க ஒலிக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். ஏழெட்டு மாதத்தில் ஒருத்திக்குக் குழந்தை, இன்னொருத்திக்கு இடமாற்றம், ஊரடங்கும் தளர்ந்தது. ஆட்டம் நின்றது. எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் நாங்கள் ஏழு பேர் சர்ன். மைக்கில் திட்டு வாங்கி அன்றிரவே ஆப்பை நீக்கிய பெண்ணுக்கும் எங்களுக்கும் அந்தக் கோட்டில் வித்தியாசம் கிடையாது. எங்களை யாரும் விரட்டவில்லை. ஆடி முடித்தோம், அவ்வளவுதான். அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை; இப்போது அதில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.